பழைய அமெரிக்க வானொலியின் திகில் நாடகங்கள்: எங்கே தொடங்குவது, எப்படிக் கேட்பது

'சஸ்பென்ஸ்' என்ற ஒரே தொடரில் மட்டும் ஏறத்தாழ 900 நாடகங்கள் இன்றும் ஒலிப்பதிவாகக் கிடைக்கின்றன. 'இன்னர் சாங்டம்', 'லைட்ஸ் அவுட்', 'எஸ்கேப்', 'தி விஸ்லர்', 'தி ஷேடோ' என்று மற்றதையும் சேர்த்தால் ஓர் ஆயுசு போதாது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள் என்றால், முழுத் தொகுப்பையும் டவுன்லோடு செய்துவிட்டு முதல் கோப்பிலிருந்து வரிசையாகக் கேட்க ஆரம்பிக்கிறார்கள். நான்காவது நாடகத்துக்குள் கரகரப்பும் பழைய விளம்பரமும் அலுத்துவிடும். ஐந்தாவதைத் தொட மாட்டார்கள்.

இந்தத் தொடர்களில் வாரத்துக்கு ஒரு புதுக் கதை; 'தி ஷேடோ' போன்ற சிலவற்றைத் தவிர, பாத்திரங்களும் புதிது. முன்கதை எதுவும் தெரிய வேண்டியதில்லை. எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்பதால்தான் எங்கிருந்து ஆரம்பிக்கிறோம் என்பது முக்கியமாகிறது.

பின்னணி கொஞ்சம் மட்டும். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்க வானொலியில் திகில் நாடகம் வேர்விட்டது. நியூயார்க் பகுதியில் 1931-இல் 'தி விட்ச்சஸ் டேல்' வந்தது. 1934 ஜனவரியில் சிகாகோவின் டபிள்யூஈஎன்ஆர் நிலையத்தில் வில்லிஸ் கூப்பர் நள்ளிரவு நிகழ்ச்சியாக 'லைட்ஸ் அவுட்' தொடரைத் தொடங்கினார். 1940கள் உச்சம். பிறகு தொலைக்காட்சி வந்து விளம்பரப் பணத்தை எடுத்துக்கொண்டது. 1962 செப்டம்பர் 30 அன்று சிபிஎஸ் வானொலி வலைப்பின்னலில் 'சஸ்பென்ஸ்' கடைசியாக ஒலித்தது. அந்த நாளைத்தான் பலரும் வானொலியின் பொற்காலம் முடிந்த நாளாகச் சொல்கிறார்கள்.

முதல் படி: ஐந்தே ஐந்து நாடகங்கள்

மொத்தத் தொகுப்பை விட்டுவிடுங்கள். கீழே உள்ள ஐந்தையும் இதே வரிசையில் கேளுங்கள். ஒவ்வொன்றும் அரை மணி நேரம்தான். ஓர் இரவுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

முதலில் 'ஸாரி, ராங் நம்பர்'. எழுதியவர் லூசில் பிளெட்சர், நடித்தவர் ஆக்னஸ் மூர்ஹெட், தொடர் 'சஸ்பென்ஸ்', ஆண்டு 1943. படுக்கையில் கிடக்கும் ஒரு பெண்மணி கணவரின் அலுவலகத்துக்குப் போன் செய்கிறார். லைன் மாறிப் போய், இரண்டு ஆண்கள் பேசுவது காதில் விழுகிறது. இன்றிரவு 11.15-க்கு ஒரு பெண்ணைக் கொல்லப் போகிறார்கள். பக்கத்துப் பாலத்தில் அந்த நேரத்துக்கு ரயில் போகும், அலறல் வெளியே கேட்காது. அவ்வளவுதான் கதை. மீதி நேரம் முழுக்க அவர் ஆபரேட்டரிடமும் போலீஸிடமும் மன்றாடுகிறார், யாரும் காது கொடுப்பதில்லை. நம்மூரில் டிரங்கால் போட்டுக் காத்திருந்தவர்களுக்கும், 'கிராஸ் டாக்' கேட்டுப் பழகியவர்களுக்கும் இதில் விளக்கம் தேவைப்படாது. செல்பேசியோடு வளர்ந்தவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: அன்று பல அழைப்புகளை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்தான் இணைத்துக் கொடுப்பார்.

இந்த நாடகத்தை மூர்ஹெட்டை வைத்தே பல முறை ஒலிபரப்பினார்கள். ஆகவே ஒரே தலைப்பில் பல பதிவுகள் கிடைக்கும். 1943 மே 25 அன்று முதன்முதலாக நேரலையில் போனபோது கடைசிக் கட்டத்தில் ஒரு நடிகர் பேச வேண்டிய இடத்தைத் தவறவிட, முடிவு புரியாமல் நேயர்கள் குழம்பினார்கள். எனவே அதே ஆண்டு ஆகஸ்ட் 21 பதிவைத் தேடுங்கள். இன்னொரு விஷயம்: மூர்ஹெட்டின் பாத்திரம் எரிச்சலூட்டும்படி எழுதப்பட்டது. முதல் பத்து நிமிஷம் அவர்மேல் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும், நாடகமே அதை நம்பித்தான் நிற்கிறது.

இரண்டாவது 'தி ஹிச்-ஹைக்கர்'. இதுவும் லூசில் பிளெட்சர் எழுதியது. 1942 செப்டம்பர் 2 அன்று 'சஸ்பென்ஸ்' தொடரில் ஆர்சன் வெல்ஸ் நடித்தார். புரூக்ளினிலிருந்து கலிபோர்னியாவுக்குத் தனியாகக் காரோட்டிப் போகும் ஓர் இளைஞன், வழியில் லிஃப்ட் கேட்டு நிற்கும் ஒரே மனிதனை மறுபடி மறுபடி பார்க்கிறான். எவ்வளவு வேகமாகப் போனாலும் அவன் முன்னால் நிற்கிறான். இசை பெர்னார்ட் ஹெர்மன். அவர் அப்போது பிளெட்சரின் கணவர். பின்னாளில் ஹிட்ச்காக் படங்களுக்கு இசையமைத்தாரே, அவரேதான்.

மூன்றாவது 'த்ரீ ஸ்கெலிட்டன் கீ'. தொடர் 'எஸ்கேப்'. 1950 மார்ச் 17 அன்று வின்சென்ட் பிரைஸ் நடித்த பதிவை எடுங்கள். பிரெஞ்சு கயானாவுக்கு அப்பால் கடலுக்குள் ஒரு பாறை, அதன்மேல் ஒரு கலங்கரை விளக்கம், அதில் மூன்று பேர். ஆளில்லாத ஒரு கப்பல் அலையில் மிதந்து பாறையை நோக்கி வருகிறது. கப்பல் முழுக்க எலிகள், ஆயிரக்கணக்கில், பசியோடு. அந்த எலிகளின் கீச்சொலிக்காக ஒலிக்கலைஞர்கள் ஈரத் தக்கைகளைக் கண்ணாடியில் தேய்த்தார்கள். இது தெரிந்த பிறகும் உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது.

நான்காவது 'தி ஹவுஸ் இன் சைப்ரஸ் கேன்யன்', 'சஸ்பென்ஸ்', 1946 டிசம்பர் 5. போர் முடிந்த கையோடு கலிபோர்னியாவில் வாடகைக்கு வீடு கிடைப்பதே குதிரைக்கொம்பு. அந்த நேரத்தில் ஓர் இளம் தம்பதிக்கு அதிசயமாக ஒரு வீடு அமைகிறது. ராத்திரி பூட்டிய அலமாரிக்குள்ளிருந்து ஏதோ ஊளையிடுகிறது. நாடகத்தின் தொடக்கமும் முடிவும் ஒரு வீட்டுத் தரகரின் அலுவலகத்தில் நடக்கின்றன. முதல் இரண்டு நிமிஷத்தைக் கவனிக்காமல் விட்டால் கடைசி இரண்டு நிமிஷம் வீணாகிவிடும்.

ஐந்தாவது, என் கணக்கில் எல்லாவற்றையும்விட மேலானது: 'தி திங் ஆன் தி ஃபோர்பிள் போர்டு'. 'கொயட், ப்ளீஸ்' தொடரில் 1948 ஆகஸ்ட் 9 அன்று ஒலிபரப்பானது. எழுதி இயக்கியவர் அதே வில்லிஸ் கூப்பர். தலைப்பில் வருவது எண்ணெய்க் கிணறு தோண்டும் கோபுரத்தில் உயரே இருக்கும் ஒரு மேடை. நாலு நாலாக இணைத்த குழாய்களை அங்கே ஒருவன் நின்று பிடித்து அடுக்க வேண்டும். பழைய எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளி ஒருவன் தன் வீட்டில் உட்கார்ந்து, வந்த விருந்தாளியிடம் இருபது வருஷத்துக்கு முந்தைய கதையைச் சொல்கிறான். அந்த விருந்தாளி நீங்கள்தான். பூமிக்கடியில் மிக ஆழத்திலிருந்து எடுத்த பாறைத் துண்டுக்குள் ஒரு தங்க மோதிரம் இருக்கிறது. அங்கே யார் மோதிரம் போட்டிருக்க முடியும்? அந்தத் தொழிலாளியாக வரும் எர்னஸ்ட் சாப்பல் இதை நடிப்பதாகவே தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத்தான் இருக்கும். இதை முதல் நாளே கேட்டால் மெதுவாகத் தோன்றும். அதனால்தான் கடைசியில் வைத்தேன்.

செவ்வாய்க் கிரகவாசிகள் பூமியைத் தாக்கும் 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' எங்கே என்று கேட்பீர்கள். 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸின் குழு ஒலிபரப்பிய அந்த நாடகத்தைக் கேட்டு அமெரிக்காவே தெருவுக்கு ஓடியது என்று சொல்வது அன்றைய பத்திரிகைகள் ஊதிப் பெருக்கிய கதை. கொஞ்சம் பேர் பயந்தது உண்மை, நாடே பீதியில் உறைந்தது என்பது உண்மையல்ல. அந்தப் புகழை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். செய்தி அறிவிப்பு பாணியில் போகும் முற்பகுதி இன்றும் பிரமாதம். பிற்பகுதி சாதாரணக் கதைசொல்லலாகிவிடுகிறது. அதே குழு 1938 ஜூலை 11 அன்று தன் முதல் நிகழ்ச்சியாகச் செய்த 'டிராகுலா' எனக்கு இதைவிடப் பிடிக்கும். இரண்டும் ஒரு மணி நேர நாடகங்கள். காது பழகிய பிறகு கேட்கலாம்.

இரண்டாம் படி: கேட்கும் முறை

இது வேலைக்கு நடுவே பின்னணியில் ஓடவிடும் சமாசாரம் இல்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டால் யார் பேசுகிறார், எங்கே நிற்கிறார் என்பதே தெரியாது. விளக்கை அணையுங்கள், போனைக் குப்புறக் கவிழ்த்து வையுங்கள், படுத்தோ சாய்ந்தோ கேளுங்கள். 'லைட்ஸ் அவுட்' தொடரில் அறிவிப்பாளரே முதலில் விளக்கை அணைக்கத்தான் சொல்வார்.

ஹெட்ஃபோனா, ஸ்பீக்கரா? நான் சிறிய ஸ்பீக்கர் பக்கம். இவை எல்லாமே ஒற்றைத் தடத்தில் (மோனோ) பதிவானவை. ஹெட்ஃபோனில் கேட்பதால் இடம், வலம் என்று எதுவும் கூடுதலாகக் கிடைக்காது. பழைய ஒலித்தட்டின் இரைச்சல்தான் காதுக்குள்ளேயே உட்கார்ந்து களைப்பாக்கும். வீட்டில் மற்றவர்கள் தூங்குகிறார்கள் என்றால் சரி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கீச்சென்ற உயர் ஒலியை (ட்ரெபிள்) கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தை மட்டும் கூட்டாதீர்கள். பாட்காஸ்ட்டை ஒன்றரை மடங்கில் கேட்டுப் பழகியவர்களுக்கு இது கஷ்டம்தான். ஆனால் இந்த நாடகங்களில் பயமெல்லாம் இரண்டு வசனங்களுக்கு நடுவில் உள்ள அமைதியில்தான் இருக்கிறது. கூப்பரின் நாடகங்களில் அந்த இடைவெளிகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கதைச் சுருக்கம்.

கேட்கும்போது ஒலிகளைக் கவனிக்கப் பழகுங்கள். படம் இல்லாத ஊடகத்தில் காலடிச் சத்தம்தான் கேமரா. செருப்பு மரத்தரையிலிருந்து சரளைக்கு மாறினால் பாத்திரம் வெளியே வந்துவிட்டது என்று பொருள். குரல் மைக்கைவிட்டு விலகினால் அவர் அறையின் மறுகோடிக்குப் போய்விட்டார். 'லைட்ஸ் அவுட்' குழு இதில் கில்லாடி. எலும்பு முறிய வேண்டுமா, பன்றியின் விலா எலும்புகளை ஒடித்தார்கள். தலை துண்டாக வேண்டுமா, முட்டைக்கோஸை வெட்டினார்கள். மின்சார நாற்காலியில் ஆள் கருக வேண்டுமானால் சட்டியில் பன்றி இறைச்சியை வறுத்தார்கள். 1936-இல் கூப்பருக்குப் பிறகு தொடரை எடுத்துக்கொண்ட ஆர்ச் ஓபோலர், மனிதர்களை உள்வெளியாகப் புரட்டிப்போடும் ஒரு மூடுபனியைப் பற்றி 'தி டார்க்' என்று ஒரு குட்டிக் கதை எழுதினார். அதற்கு உதவியது ஈரமான ரப்பர் கையுறை ஒன்று. கையுறையை மெல்ல உள்வெளியாகத் திருப்பினார்கள், கூடவே பழக்கூடை ஒன்றை நசுக்கினார்கள். அன்றைய ஹாலிவுட் தணிக்கை இதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திரையில் விட்டிருக்காது. வானொலியில் காட்ட எதுவுமே இல்லை, நேயரே மனதுக்குள் வரைந்துகொண்டார். வெட்டுவதற்குத் தணிக்கைக்காரரிடம் என்ன இருக்கிறது?

விளம்பரங்களைத் தாண்டிப் போகாதீர்கள், குறைந்தது முதல் சில நாடகங்களிலாவது. 'இன்னர் சாங்டம்' தொடருக்குக் கொஞ்ச காலம் லிப்டன் தேயிலைதான் விளம்பரதாரர். கிறீச்சிடும் கதவு, பிணங்களை வைத்து ஜோக்கடிக்கும் அறிவிப்பாளர், அவர் பக்கத்திலேயே இனிமையான குரலில் தேநீரின் பெருமை பேசும் ஒரு பெண்மணி, அறிவிப்பாளரின் ரசனையைக் கண்டு அவருடைய முகச்சுளிப்பு. இதுவும் நாடகத்தின் ஒரு பகுதிதான். லிப்டன் என்றதும் எனக்கு இலங்கையின் ஹப்புத்தளைப் பக்கத்துத் தம்பதென்னை எஸ்டேட்டும் மலையகத்துக் கொழுந்துக் கூடைகளும் நினைவுக்கு வந்து, கதையிலிருந்து ஒரு நிமிஷம் வெளியே போய்விடுவேன். அது என் பிரச்சினை.

மூன்றாம் படி: ஆங்கிலத்தைக் கண்டு பின்வாங்க வேண்டாம்

இன்றைய ஹாலிவுட் படத்தை சப்டைட்டில் இல்லாமல் பார்க்கத் தயங்குகிறவர்கள்கூட இவற்றைத் தைரியமாகக் கேட்கலாம். மேடையிலும் வானொலியிலும் பழகிய நடிகர்கள் ஒவ்வொரு சொல்லையும் திருத்தமாக உச்சரிக்கிறார்கள். முகத்தைக் காட்ட முடியாது என்பதால், யார் வந்தார், கையில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் வசனத்திலேயே வந்துவிடும். துப்பறியும் நாடகங்களில் மட்டும் அந்தக் காலத்துக் கொச்சை அதிகம். 'கேட்' (gat) என்றால் துப்பாக்கி. பல நாடகங்களின் எழுத்து வடிவமும் தேடினால் கிடைக்கும். முதல் தடவை எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். விட்டுப்போனதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: நல்ல பதிவைக் கண்டுபிடிப்பது

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம்தான் பெரிய களஞ்சியம். தொடரின் பெயரோடு 'ஓல்ட் டைம் ரேடியோ ரிசர்ச்சர்ஸ்' என்ற குழுவின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். அவர்கள் தேதியையும் தலைப்பையும் சரிபார்த்து வெளியிட்ட தொகுப்புகள் நம்பகமானவை. கோப்பின் பெயரில் பெரும்பாலும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி இருக்கும். '43-08-21' என்றால் 1943 ஆகஸ்ட் 21. ஒரே நாடகம் பல முறை மறு ஒலிபரப்பானதால், தலைப்பைவிடத் தேதியை நம்புவதே பாதுகாப்பு. 32 கேபிபிஎஸ் கோப்பும் 128 கேபிபிஎஸ் கோப்பும் (எண் கூடினால் ஒலித்தரமும் கூடும்) இருந்தால் யோசிக்காமல் பெரியதை எடுங்கள். அரை மணி நேரத்துக்கு 30 எம்பிக்குள்தான் வரும்.

ஒலியின் தரம் ஏன் இவ்வளவு மாறுபடுகிறது என்று தெரிந்துகொண்டால் எரிச்சல் குறையும். சிபிஎஸ் போன்ற பெரிய வானொலி வலைப்பின்னல்கள் 1940களின் பிற்பகுதி வரை பதிவு செய்த நிகழ்ச்சிகளைப் பொதுவாக ஒலிபரப்ப மாட்டார்கள். எல்லாம் நேரலை. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வித்தியாசம் இருந்ததால், சில நிகழ்ச்சிகளை ஒரே இரவில் இரண்டு முறை நடித்தார்கள். நமக்குக் கிடைப்பது, நிலையமோ விளம்பரதாரரோ தங்கள் உபயோகத்துக்காக 16 அங்குல ஒலித்தட்டுகளில் வெட்டிவைத்த பிரதி. அலுமினியத்தின் மேல் பூச்சு பூசிய தட்டுகள் அவை. போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடியை அடித்தட்டாக்கினார்கள், கை தவறினால் போச்சு. 'கொயட், ப்ளீஸ்' பதிவுகள் பலவும் மோசமாக இருப்பதற்காக என்னைத் திட்ட வேண்டாம். 'தி விட்ச்சஸ் டேல்' தொடரில் மிஞ்சியதே சொற்பம்.

சில பதிவுகளில் விளம்பரமே இருக்காது, அந்த இடத்தில் இசை ஓடும். அவை வெளிநாட்டில் இருந்த படைவீரர்களுக்காக ராணுவ வானொலி தயாரித்த பிரதிகள். தரம் பல நேரம் நன்றாகவே இருக்கும்.

ஐந்தாம் படி: அடுத்து எந்தப் பக்கம்

ஐந்தும் முடிந்ததா? எது பிடித்தது என்பதைப் பொறுத்துப் பிரியுங்கள்.

முதல் இரண்டும் பிடித்திருந்தால் 'சஸ்பென்ஸ்' தொடரிலேயே இருங்கள், முக்கியமாக வில்லியம் ஸ்பியர் தயாரித்த 1940களின் நாடகங்களில். கேரி கிராண்ட் நடித்த 'ஆன் எ கன்ட்ரி ரோடு' 1950-இல் வந்தது, நல்ல அடுத்த படி. கலங்கரை விளக்கம் பிடித்தவர்களுக்கு 'எஸ்கேப்' தொடரில் 'லைனிங்கன் வெர்சஸ் தி ஆன்ட்ஸ்' காத்திருக்கிறது. பிரேசில் தோட்டம் ஒன்றை நோக்கி எறும்புப் படை வருகிறது, எதிர்த்து நிற்பவர் வில்லியம் கான்ராட்.

பேயைவிடக் குற்றம்தான் வேண்டும் என்றால் 'தி விஸ்லர்'. யார் கொன்றது என்று இதில் தேட வேண்டியதில்லை, கொலைகாரரின் தோளுக்குப் பின்னாலேயே நாமும் நடக்கிறோம். கடைசி நிமிஷத்தில் ஒரு சின்னத் தவறு அவரை மாட்டிவிடும். தொடக்கத்தில் வரும் அந்தச் சீட்டி இரண்டு நாள் தலைக்குள் சுற்றும். துப்பறிவாளர் வேண்டுமானால் பேசில் ராத்போனும் நைஜல் புரூசும் நடித்த ஷெர்லக் ஹோம்ஸ் தொடர். அதில் 1945, 1946-ஆம் ஆண்டுப் பதிவுகள் நிறைய மிஞ்சியிருக்கின்றன. வாட்சனின் வீட்டுக்குக் கதை கேட்க வரும் அறிவிப்பாளர், கதையின் நடுவே விளம்பரதாரரான பெட்ரி ஒயினைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் நகர்வார். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்க நேரமுள்ளவர்களுக்கு 'யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்'. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் துப்பறியும் ஒருவர், தன் செலவுக் கணக்கை வாசித்தபடியே கதை சொல்கிறார். 1955, 1956-இல் பாப் பெய்லி நடித்தவை திங்கள் முதல் வெள்ளி வரை தினம் 15 நிமிஷம் வந்தவை. பஸ் பயணத்துக்கு அளவெடுத்தது போல இருக்கும்.

'தி ஷேடோ' தொடரை ஓர் எச்சரிக்கையோடு சொல்கிறேன். 1937-இல் வெல்ஸ் நடிக்க ஆரம்பித்த வடிவம் ஜாலியானது, வேகமானது. ஆனால் கதாநாயகன் பிறர் மனதை மயக்கி மறையும் வித்தையைக் கீழை நாடுகளில் கற்றதாகச் சொல்வார்கள். அன்றைய எழுத்தாளர்களுக்கு இந்தியாவும் சீனாவும் வசியமும் விஷமும் விற்கும் கடைத்தெரு. கறுப்பினத்தவரையும் சீனர்களையும் காட்டும் விதம் இந்தக் காலத்துத் தொடர்கள் பலவற்றில் காதைக் கூச வைக்கும். குழந்தைகளோடு சேர்ந்து கேட்பதாக இருந்தால் முதலில் நீங்கள் ஒரு தடவை தனியாகக் கேட்டுவிடுங்கள். பத்து வயதுக்குக் கீழே என்றால் மேலே சொன்ன ஐந்தில் எதுவுமே வேண்டாம்.

எல்லாவற்றையும் கேட்டுத் தீர்த்துவிட்டேன் என்று சொல்கிற நிலைக்கு வருபவர்களுக்கு, 'இன்னர் சாங்டம்' கதவைக் கிறீச்சிட வைத்த ஹைமன் பிரவுன் இன்னொரு வேலை வைத்திருக்கிறார். 1974-இல் அதே கதவோடு திரும்பி வந்து, 'சிபிஎஸ் ரேடியோ மிஸ்டரி தியேட்டர்' என்ற பெயரில் 1982 வரை 1,399 நாடகங்கள் தயாரித்தார். ஒலி தெளிவாக இருக்கும், கதைகள் ஏற்ற இறக்கமாக இருக்கும். பழசைக் கேட்டுக் காது தேறிய பிறகு அதைத் தொடுங்கள். அதுவரை அந்தத் தொகுப்பை டவுன்லோடு செய்து வைக்கக்கூட வேண்டாம்.